வாலுளுவைக்குச் சாட்சி சொன்ன டிரைவர்

தாவர ஆராய்ச்சி நிலையத்தில் ஜீப் ஓட்டியவரை எல்லோரும் பெயிண்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். சுவருக்கு வெள்ளையடித்து வாங்கிய பட்டமில்லை அது. பதினேழு வயதிலிருந்து முப்பத்திரண்டு வயது வரை லாரிக்கும் பஸ்ஸுக்கும் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் இருந்தவர் அவர். அதிலும் நிறம் சேர்ப்பதுதான் அவருடைய வேலை. இடித்து நசுங்கி ஒரு வண்டி வரும். நசுங்கிய இடத்தைத் தட்டி நிமிர்த்தி, அந்த இடத்துக்கு மட்டும் புதிதாக அடிக்க வேண்டும். பத்து வருட வெயிலில் வெளுத்துப்போன பழைய பச்சையும், இன்று டப்பாவில் கலக்கிய புதுப் பச்சையும் ஒட்டு தெரியாமல் சேர வேண்டும். எந்த டப்பாவிலும் அந்தப் பச்சை கிடைக்காது. பெயிண்டர் வண்டியை ஒரு பார்வை பார்ப்பார், டப்பாவை ஒரு பார்வை பார்ப்பார், "ஒரு சொட்டு கறுப்பு குறையுது" என்பார். ஒரு சொட்டு விட்டால் சரியாக வந்து உட்காரும்.

இந்தத் திறமைக்கு நெஞ்சு விலை கொடுத்தது. பெயிண்ட் புகை உள்ளே இறங்கி, நான்கு படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் சொன்னதைக் கூடவே இருந்து கேட்ட மனைவி, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"வண்டிக்கு வெளியில நின்னு பாத்ததெல்லாம் போதும். இனிமே உள்ள உக்காந்து ஓட்டுங்க."

அவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான். மூன்றாவது மாதம் பெயிண்டர் ஆராய்ச்சி நிலையத்தில் டிரைவராகச் சேர்ந்தார். அவரைக் கொண்டுபோய் புரொஃபசரின் ஜீப்பில் உட்கார வைத்தார்கள்.

புரொஃபசர் ஒல்லியானவர், உயரமானவர், பேச்சு குறைவு. அவர் வாழ்க்கை முழுவதையும் ஒரே ஒரு தாவரக் குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். வாலுளுவைக் குடும்பம் என்று அதற்குப் பெயர். கொடி, புதர், மரம் என்று பல உருவத்தில் இருக்கும், ஆனால் எல்லாமே தண்டு முற்றிக் கட்டையாகும் சாதி. இதில் பல செடிகளில் காய் பழுத்தால் சும்மா இருக்காது. மேல்தோடு பிளந்து விரிந்துகொள்ளும். உள்ளே இருக்கும் விதை மேலே வழவழவென்று சதையில் ஒரு சட்டை போட்டிருக்கும். தோடு ஒரு நிறம், விதைச்சட்டை வேறொரு நிறம். எந்தப் பறவையும் தன்னைக் கவனிக்காமல் போய்விடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்ட குடும்பம்.

ஆனால் செடியைக் கொண்டுவந்து காகிதத்துக்கு நடுவில் அழுத்திக் காயவைத்தால் இந்தப் பகட்டெல்லாம் ஒரே வாரத்தில் போச்சு. இலை, தோடு, விதைச்சட்டை எல்லாம் டீத்தூள் நிறத்துக்கு வந்துவிடும். ஆகவே பறித்த இடத்திலேயே பழத்தின் நிறத்தை ஒரு சீட்டில் எழுதி, காய்ந்த செடி ஒட்டிய அட்டையின் மூலையில் அந்தச் சீட்டையும் ஒட்டிவிடுவார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு அந்தச் சீட்டுதான் ஒரே சாட்சி.

முதல் பயணத்திலேயே புரொஃபசர் ஒரு கிளையை நீட்டினார். "என்ன நிறம், சொல்லுங்க பாப்போம்?"

புரொஃபசர் தன்னைச் சோதிக்கிறார் என்று பெயிண்டர் நினைத்துக்கொண்டார். விடுவாரா? "தோடு பள்ளிக்கூட பஸ் மஞ்சள். அடிச்சு ரெண்டு வருஷம் ஆன பஸ். உள்ள இருக்கறது லாரியோட பின்விளக்குங்க. விளக்கு எரியும்போது இருக்குமே, அது."

வேறு யாராவது என்றால் மஞ்சள், சிவப்பு என்று இரண்டு சொல்லில் முடித்திருப்பார்கள். புரொஃபசர் ஒரு சொல் விடாமல் அப்படியே எழுதிக்கொண்டார். பெயிண்டருக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

அடுத்த மாதம் குட்டு உடைந்தது. ஒரு மலைச்சரிவில் ஜீப்பின் பேட்டரி செத்துப்போயிற்று. அந்த வழியாக வந்த வண்டியை நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பப் பார்த்தார்கள். பெயிண்டர் ஸ்டியரிங் பக்கம் நின்றுகொண்டு, "சிவப்பு ஒயரைச் சிவப்புல வைங்கய்யா" என்றார். புரொஃபசர் வைத்தார். தீபாராதனை மாதிரி பொறி பறந்தது. உதவிக்கு வந்த வண்டிக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுக் கிளம்பிப் போனார்.

"சிவப்புலதானேய்யா வைக்கச் சொன்னேன்?"

புரொஃபசர் கையில் இருந்த இரண்டு ஒயரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல எது சிவப்பு?" என்று கேட்டார். கேலி செய்கிற முகமாக அது இல்லை.

அன்று வேறொரு வண்டி வரும் வரைக்கும் இரண்டு மணி நேரம் பாறை மேல் உட்கார்ந்து அவர் எல்லாவற்றையும் சொன்னார். பிறவியிலேயே சிவப்பு தெரியாது. சிவப்பும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும், பச்சையும் காவியும் ஒன்றாகத் தெரியும். படிக்கிற காலத்தில் காய்ந்த செடிகள் இருக்கும் காப்பகத்துக்குள் முதல்முறை நுழைந்தபோது எல்லாமே பழுப்பாக இருந்ததாம்.

"அந்த அறையில எல்லாருக்கும் என் கண்ணுதான், பெயிண்டர். அங்கேயே இருந்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். கையில கிடைச்ச முதல் கட்டு வாலுளுவைக் குடும்பம். அது உயிரோட இருக்கும்போது இப்படி மினுக்கும்னு அப்ப யாரும் சொல்லலை."

பெயிண்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. புரொஃபசரும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் புரொஃபசர் கிளையை நீட்டி, "சொல்லுங்க பாப்போம்" என்பார். பெயிண்டர் சொல்வார். டிரைவருக்குப் பாடம் நடக்கிறது என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இலையின் வடிவத்தில் புரொஃபசர் புலி. ஓடும் ஜீப்பிலிருந்தே, "நிறுத்துங்க, அந்த மூணாவது புதர்" என்பார். வடிவம் அவர் கண், நிறம் இவர் கண் என்று பாகம் பிரித்துக்கொண்டு குடித்தனம் நடந்தது.

இப்படி நாலாயிரம் அட்டைகள் சேர்ந்தன. எல்லாச் சீட்டிலும் பெயிண்டரின் நிறங்கள். 'துரு பிடிப்பதற்கு முந்தைய நாள் தகரம்.' 'தீயணைப்பு வண்டி, இரண்டாம் கோட்.' வெளியிலிருந்து வரும் ஆராய்ச்சியாளர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு யோசிப்பார்கள், கடைசியில் குறித்துக்கொண்டு போவார்கள். வீட்டில் பெயிண்டர் இதைப் பற்றிப் பீற்றிக்கொள்ளாத நாள் கிடையாது.

"ஐயா பேர்ல ஒரு புது இனமே இருக்கு, தெரியுமா? கறுப்பு வாலுளுவை. அது புதுசுன்னு சொல்றதுக்கு ஆதாரமே நான் சொன்ன நிறம்தான்."

"தெரியுமே. பன்னெண்டு வருஷமா அதைத்தானே கேட்டுட்டு இருக்கேன்" என்பாள் மனைவி, ஊசியில் நூல் கோர்த்தபடி.

அந்தக் கறுப்பு வாலுளுவைக்குத்தான் ஆபத்து வந்தது. வேறொரு நிலையத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். பையில் எப்போதும் ஒரு ஸ்கேல், ஒரு பூதக்கண்ணாடி, விசிறி மாதிரி விரியும் நிற அட்டைக் கட்டு ஒன்று. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பதினோரு நாள் காப்பகத்தில் உட்கார்ந்து முந்நூறு அட்டைகளின் இலைகளை அளந்தாள். பன்னிரண்டாம் நாள், ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த பெயிண்டரிடம் நேராக வந்தாள்.

"அண்ணா, சீட்டுல இருக்கற நிறமெல்லாம் நீங்க சொன்னதுன்னு சார் சொன்னார். கறுப்பு வாலுளுவைக்கும் நீங்கதானா?"

"நான்தாம்மா." பெயிண்டர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "தோடு மிலிட்டரிப் பச்சை. விதைச்சட்டை காய்ஞ்ச அரக்கு, கறுப்புக்கு ஒரு சொட்டு முன்னாடி."

"இலையெல்லாம் அளந்துட்டேன். சாதாரண வாலுளுவைக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. அந்த இனம் இப்ப உங்க ஒரு வரியிலதான் நிக்குது. அன்னைக்கு வெளிச்சம் எப்படி இருந்துச்சு?"

"வெளிச்சமா? சரியான மழைம்மா. மூணு நாள் விடாம கொட்டுச்சு. கேமராகூடத் தண்ணி குடிச்சிடுச்சு. ஐயா தனியா மலை ஏறிப் பறிச்சுட்டு வந்தார். எனக்குக் காய்ச்சல். ஜீப்புலேருந்து மரத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தோமே, அந்தத் தார்ப்பாய்க்குக் கீழதான்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார்.

"தார்ப்பாய்க்குக் கீழ?" என்றாள் அந்தப் பெண்.

"சரியா ஞாபகம் இல்லம்மா" என்று மென்று விழுங்கிவிட்டு, துடைத்த பானெட்டையே மறுபடியும் துடைத்தார்.

நன்றாக ஞாபகம் இருந்தது. அது நீலத் தார்ப்பாய். பட்டறையில் சேர்ந்த முதல் நாளே காதைத் திருகிச் சொல்லிக் கொடுத்தது: கூரைக்குக் கீழே நிறம் சேர்க்காதே, டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போ. நீலக் கூரைக்குக் கீழே ஐந்து நிமிடம் இருந்தால் நீலம் தெரியும். மூன்று நாள் படுத்திருந்தால் கண் அதற்குப் பழகி, அதுதான் வெளிச்சம் என்று நம்பிவிடும். ஒரு தொழிலாளி செய்யக் கூடாத தப்பு. அதை ஒரு டிரைவர் செய்துவிட்டு, பன்னிரண்டு வருடமாக மார்தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

மத்தியானமே லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மனைவியின் நூல்பெட்டியைத் திறந்து ஒரு மஞ்சள் நூற்கண்டு, ஒரு சிவப்பு நூற்கண்டு எடுத்தார். கொல்லையில் விறகை மூடியிருந்த நீல பிளாஸ்டிக் ஷீட்டை உருவித் தலைமேல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். தைத்துக்கொண்டிருந்த மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"என்னங்க ஆச்சு? காய்ச்சல் அடிக்குதா?"

"நீயும் உள்ள வா."

"எதுக்கு?"

"வான்னா வாயேன்."

இரண்டு பேரும் ஷீட்டுக்குள் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். துணி வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி கொல்லையை எட்டிப் பார்த்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போனாள். பெயிண்டர் நூற்கண்டுகளை நீட்டினார்.

"இது என்ன நிறம்?"

"பச்சை. அட, பச்சை நூல் தீந்துபோச்சுன்னு நெனச்சேனே!"

"இது?"

"கறுப்பு... இல்ல, அரக்கு மாதிரி."

பெயிண்டர் ஷீட்டை விலக்கினார். வெயிலில் மஞ்சளும் சிவப்பும் பல்லைக் காட்டின. மனைவி இரண்டையும் பார்த்தாள், அவர் முகத்தையும் பார்த்தாள். விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டாள்.

"போய்ச் சொல்லிடுங்க."

"சொன்னா ஐயாவோட செடி போயிடும். அவர் பேரைச் சொல்ல இருக்கறது அது ஒண்ணுதான். அதோட போகாது. ஒரு நிறம் தப்புன்னா மத்த நாலாயிரத்தை யார் நம்புவா? இருபத்திரண்டு வருஷம் நான் சொன்னது மொத்தமும் குப்பைன்னு ஆயிடும்."

"சொல்லலைன்னா யாருக்கும் தெரியாதா?"

"தெரியாது."

"உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள் அவள். "ஒரு தையல் தப்பா விழுந்தாலே உங்களுக்குச் சட்டை உறுத்தும். நீங்களாவது இதை மறைச்சு வெச்சுட்டு நடமாடறதாவது. எழுந்திரிங்க, காலு மரத்துப்போச்சு எனக்கு."

மறுநாள் காலை பெயிண்டர் புரொஃபசரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நின்றபடியே சொன்னார். நீலத் தார்ப்பாய், நூற்கண்டு, எல்லாம். புரொஃபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"எனக்கும் கறுப்பாத்தான் தெரிஞ்சுது. நீங்களும் கறுப்புன்னு சொன்னீங்களா, அன்னைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒரு தடவையாவது ரெண்டு பேர் கண்ணும் ஒண்ணு சொல்லுதேன்னு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இது பழுக்கற மாசம். ஜீப்பை எடுங்க. அந்தப் பொண்ணையும் கூப்பிடுங்க. போய்ப் பாத்துடலாம்."

பெயிண்டருக்கு அந்த மனுஷன் மேல் மரியாதை பொங்கி வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வண்டிக்கு டீசல் போடப் போனார்.

மூன்று மணி நேர ஓட்டம், அதற்கு மேல் ஒரு மணி நேர ஏற்றம். பெயிண்டர் பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். கீழே இருங்கள் என்று இருவரும் சொல்லியும் கேட்கவில்லை. வெயிலில் வைத்துப் பார்க்காமல் ஒரு தடவை சொன்னதே போதும் என்றார். பாறை இடுக்கில், புரொஃபசர் பறித்த அதே இடத்தில், அந்தக் கொடி ஆளுயர மரத்தின்மேல் படர்ந்து உச்சி வெயிலில் நின்றது. தோடெல்லாம் பள்ளிக்கூட பஸ். விதைச்சட்டை எல்லாம் லாரி பின்விளக்கு, பிரேக் போட்டு நிறுத்திய மாதிரி. கறுப்பு என்று சொல்ல அங்கே பெயிண்டரின் செருப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

"என் தப்புதாம்மா" என்றார் பெயிண்டர். தார்ப்பாயைப் பற்றியும் சொன்னார்.

அந்தப் பெண் சந்தோஷப்படவில்லை. அது அவளுடைய நல்ல குணம். நிற அட்டையை விரித்துப் பழத்தோடு வைத்துப் பார்த்து, பொருந்திய அட்டையின் எண்ணைக் குறித்துக்கொண்டாள். பிறகு புரொஃபசரைத் திரும்பிப் பார்த்தாள். "சார், நீங்கதானே பறிச்சீங்க? இந்த இடத்துல நின்னுதானே? அப்ப நீங்க பாக்கலையா?"

புரொஃபசர் வாயைத் திறப்பதற்குள் பெயிண்டர் முந்திக்கொண்டார்.

"ஐயாவுக்கு அன்னைக்குக் கடுமையான காய்ச்சல்மா. கண்ணே தெறக்க முடியலை."

"காய்ச்சல் உங்களுக்குன்னு சொன்னீங்களே?"

"எனக்கும்தான்" என்றார் பெயிண்டர், அசடு வழிய. "ஜோடியா வந்துச்சு."

மூவரும் மலை இறங்கினார்கள். ஜீப் கிளம்பிச் சிறிது தூரம் போன பிறகு அந்தப் பெண் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு சீட்டு தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. கட்டுரை எழுதும்போது மத்த எல்லா நிறத்துக்கும் பக்கத்துல நான் ஒரு கேள்விக்குறி போட்டாகணும். வேற வழியில்ல."

"போடுங்கம்மா. அதுதான் முறை" என்றார் பெயிண்டர். குரல் கொஞ்சம் உடைந்தது. நல்லவேளை, கியர் மாற்றுகிற சத்தத்தில் அது அடிபட்டுப் போயிற்று. நாலாயிரம் கேள்விக்குறிகள். அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார், ஆனால் ரோடு சரியாகத் தெரியவில்லை.

"வண்டியை நிறுத்துங்க" என்றார் புரொஃபசர்.

ஓரமாக நிறுத்தினார். புரொஃபசர் முன்சீட்டிலிருந்து பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"எனக்குச் சிவப்பு தெரியாதும்மா. பிறவியிலேயே தெரியாது."

"சார்?"

"அந்தச் சீட்டு ஒண்ணுலயும் என் கண்ணு இல்ல. முழுக்க இவர் கண்ணு. நான் மறைச்சேன். எனக்காக இவரும் மறைச்சார். இப்பக்கூடப் பாத்தீங்கல்ல, எனக்கு ஒரு காய்ச்சலை வரவழைச்சார். தார்ப்பாய்க்குக் கீழ என்ன நிறம்னு இவர்கிட்ட கேட்டது நான். வெளிய தூக்கிட்டுப் போய்க் காட்டியிருக்கணும். அது என் தப்பு." "கேள்விக்குறி போடறதுக்கு முன்னாடி இவரைச் சோதிச்சுப் பாருங்க. இந்த ரோட்டுல எடுத்த அட்டை எத்தனையோ இருக்கு. உங்க போன்ல படம் இருக்கும். இவருக்குச் சொல்லாம ஏதாவது ஒண்ணை எடுங்க."

பெயிண்டருக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. "எதுக்குய்யா இதெல்லாம் இப்ப" என்று முணுமுணுத்தார்.

அந்தப் பெண் போனை எடுத்துத் தேடினாள். தேடத் தேட முகத்தில் வேலை வந்து உட்கார்ந்துகொண்டது. "ஏழாவது மைல். ஒரு சின்னப் பாலம். ரெண்டு அட்டை, ஒரே நாள்ல எடுத்தது, பதினாலு வருஷம் முன்னாடி. போங்கண்ணா."

சீட்டில் இருப்பது என்ன என்று அவள் சொல்லவில்லை. பாலத்துக்கு முன்னால் ஜீப் நின்றது. ஓடையின் இடக்கரையில் ஒரு வாலுளுவைக் கொடி, வலக்கரையில் இன்னொன்று. அடிமரம் இரண்டும் மணிக்கட்டுப் பருமன் இருக்கும், நிச்சயமாகப் பழைய கொடிகள். இரண்டிலும் பழம் வெடித்துக் கிடந்தது. அவள் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கொத்து பறித்து உள்ளங்கையில் அதே மாதிரி இடமும் வலமுமாக வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ரெண்டும் ஒரே நிறம்தான் அண்ணா. ஆனா நீங்க வேற வேறன்னு எழுதியிருக்கீங்க."

பெயிண்டர் ஜீப்பிலிருந்து இறங்கினார். அவள் கையைப் பிடித்து நிழலிலிருந்து வெயிலுக்குக் கொண்டுவந்தார். ஒரு பார்வைதான்.

"இடது பக்கத்துது தீயணைப்பு வண்டி, ஒரு கோட்தான் அடிச்சிருக்கு. அடியில பிரைமர் எட்டிப் பாக்குது. வலது பக்கத்துது ரெண்டாம் கோட். ஒரு சொட்டு வித்தியாசம்மா. அன்னைக்கும் இதைத்தான் சொல்லியிருப்பேன்."

அவள் நிற அட்டைக் கட்டை விரித்து இடது கொத்தோடு வைத்து நகர்த்தினாள், ஒன்றில் நின்றாள். வலது கொத்தை வைத்து நகர்த்தினாள். அதற்கு அடுத்த அட்டையில் நின்றது. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். அதே எண்கள். போனில் இருந்த சீட்டைப் படித்தாள். 'இடக்கரை: தீயணைப்பு வண்டி, முதல் கோட். வலக்கரை: இரண்டாம் கோட்.' அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அட்டையில நம்பர் போட்டிருக்கறதால எனக்குத் தெரியுது. உங்களுக்கு எப்படிண்ணா தெரியுது?"

"தெரியலைன்னா லாரிக்காரன் விடமாட்டாம்மா."

"தார்ப்பாய்க்குக் கீழ எடுத்தது எத்தனை?"

"அந்த ஒண்ணுதான். மத்ததெல்லாம் வெயில்ல."

"அப்ப அதுக்கு மட்டும் கேள்விக்குறி" என்றாள் அவள். "அதுவும் வேண்டாம். சாரே திருத்திடட்டும். கட்டுரையில உங்க பேரும் வரணும், சொல்லிட்டேன்."

பெயிண்டருக்கு அப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. முந்தைய நாளிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கியதும், மனைவிக்கு உடனே போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. திரும்பினார். புரொஃபசர் ஜீப்பின் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணும் எழுந்து நிமிர்ந்து பார்த்தாள். வலக்கரைக் கொடி பாலத்தோடு நிற்கவில்லை. கரை ஏறி, சரிவு ஏறி, மரம் மரமாகத் தாவி மேலே போயிருந்தது. "அய்யோ, என்ன சார் இது! மலையே பத்தி எரியற மாதிரி இருக்கே!" என்று கத்திவிட்டு, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

புரொஃபசர் அவள் கை காட்டிய திசையில் பார்த்தார். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் தலையை ஆட்டிவிட்டு நோட்டுப்புத்தகத்தைத் திறந்துவிடுவார்.

"எது எரியுது? எனக்கு எல்லாம் ஒரே இலையாத்தான் தெரியுது" என்று வாய்விட்டுக் கேட்டார். "எங்கேருந்து எது வரைக்கும் பழம்? புத்தகத்துல நான் அங்கொண்ணு இங்கொண்ணுன்னு எழுதி வெச்சிருக்கேன்."

பெயிண்டர் அவர் பக்கத்தில் போய் நின்றார். அவருடைய வலது கையைப் பிடித்துத் தூக்கி, சுட்டுவிரலைப் பாலத்தடியில் வைத்து மெதுவாக நகர்த்த ஆரம்பித்தார்.

"இங்க ஆரம்பிக்குதுய்யா. இந்தப் பாறை முழுக்க. இப்ப அந்த வளைஞ்ச மரம், அடியிலேருந்து நுனி வரைக்கும். அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு, அதுவும்தான். இப்படியே மேல ஏறுது. கை வலிக்குதா? இன்னும் இருக்கு. அந்த மேட்டைத் தாண்டி, அதோ வானம் தொடங்குது பாருங்க, அது வரைக்கும்."

புரொஃபசர் நீட்டிய கையை இறக்கவில்லை.

"அவ்வளவா!" என்றார்.